தண்ணி புகுந்த வழி

— இன்னொரு தடவை சொல்லுங்கப்பா. மொதலாளிகிட்ட என்னன்னு சொன்னீங்க?

— உள்ளதைச் சொன்னேன். டப்பாவை மாத்தி ரெண்டு வாரம் ஆகல, மறுபடியும் வைப்பர் தானா ஆடுது, ஹார்ன் தானா அலறுது, ஓடிக்கிட்டு இருக்கும்போதே லைட்டு அணையுதுன்னு சொன்னேன்.

— அப்புறம்?

— அப்புறம் என்ன அப்புறம்? மாட்டினது யாருன்னார். என் பொண்ணுதான்னேன். சரியா மாட்டலையோன்னார். இருக்கும்னேன்.

— இருக்கும்னீங்களா! பெத்த அப்பாவே இருக்கும்னு சொன்னா வேற எவன் எங்கிட்ட வண்டிய விடுவான்? அவர் கடையில நாலு பிக்கப் ஓடுது. நாலையும் எங்கிட்டயே விடறேன்னு சொல்லியிருந்தார். அந்த வார்த்தைய நம்பித்தான் இந்த ஷெட்டையே எடுத்தேன். என் தலையில மண்ணை வாரிப் போட்டுட்டு, எங்கிட்டயே வந்து வண்டிய நிறுத்தறீங்க!

— கத்தாத. எதிர் டயர் கடைக்காரன் பஞ்சர் ஒட்டறத விட்டுட்டு உன் வாயையே பார்க்கிறான்.

— பார்க்கட்டும். அவனுக்கும் தெரியட்டும், என் பொழப்பைக் கெடுத்தது யாருன்னு.

— சொல்றேன் கேளு. ஆம்பளைங்களே தடுமாறுற வேலை இது. வரலன்னா வரலன்னு விட்டுட வேண்டியதுதானே? லேப்டாப்பைத் தொறந்து வெச்சுக்கிட்டு டொக்கு டொக்குன்னு தட்டிட்டா வண்டி சரியாயிடுமா?

— ஆயிடும். ஆச்சு. அந்த டப்பாதான்பா, மாட்யூலுன்னு சொல்றோமே, அதான் வண்டிக்கு மூளை. லைட்டு, வைப்பர், ஹார்ன், கதவுப் பூட்டு, எல்லாம் அது சொன்னாத்தான் நடக்கும். புதுசா மாட்டினா, இது எந்த வண்டி, எது சாவின்னு லேப்டாப்புல அதுக்குச் சொல்லிக் கொடுக்கணும். கொடுத்தேன். ஒவ்வொண்ணையும் போட்டுக் காட்டிட்டுத்தான் சாவிய நீட்டினேன். நீங்களே ஹார்னை அடிச்சுப் பார்த்துட்டு சின்னப் புள்ளை மாதிரி சிரிச்சீங்க.

— அன்னிக்குச் சிரிச்சேன். இன்னிக்கு அழுறேன். வேற டப்பாவை மாட்டி விடு, நான் கெளம்பறேன். சாயங்காலத்துக்குள்ள லோடு ஏத்தணும்.

— ஏன் செத்துச்சுன்னு பார்க்காம இன்னொண்ணை மாட்ட எனக்கு என்ன கிறுக்கா? டார்ச்சைப் பிடிங்க. உங்க கால் வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல பேனலைக் கழட்டணும்.

— பிடிக்க மாட்டேன்.

— அப்ப தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்காதீங்க. இந்த ஸ்க்ரூவ... வா வெளிய... அப்பா, இது என்ன?

— எது?

— கையை நீட்டுங்க. தொட்டுப் பாருங்க. சொட்டச் சொட்ட நனைஞ்சு கெடக்கு. ஒயர் சொருகுற பின்னுல எல்லாம் பச்சைக் களிம்பு. ஒரு நாள் ஈரத்துல வர்ற களிம்பா இது? தினமும் தண்ணி குடிச்சிருக்கு இந்த மாட்யூலு.

— மழை.

— எங்க பெய்ஞ்சுது மழை? உங்க வண்டிக்குள்ள மட்டுமா?

— முன்கண்ணாடி ஓரமா ஒழுகும். பழைய வண்டி.

— ஒழுகுதா? ரொம்ப நல்லது. ஏறி உக்காருங்க. நான் வெளியேருந்து ஹோஸால தண்ணி அடிக்கிறேன், எங்க ஒழுகுதுன்னு பார்த்துச் சொல்லுங்க.

— அதெல்லாம் வேணாம்.

— உக்காருங்கன்னேன்! ... வருதா? ஒரு சொட்டாவது வருதா?

— ... வரல.

— சத்தமா! டயர் கடை வரைக்கும் கேக்கட்டும்!

— வரலடி! போதுமா?

— போதாது. காதுல பூ சுத்தறதுக்கு வேற ஆளைப் பாருங்க. இது மேலேருந்து ஒழுகின தண்ணி இல்ல. உள்ள ஊத்தின தண்ணி. கார்பெட்டுல சோப்பு வாடை. உங்க சீட்டுப் பக்கம் பஞ்சு மாதிரி ஊறியிருக்கு, அந்தப் பக்கம் காய்ஞ்சு கெடக்கு. யார் கழுவினது?

— வண்டின்னா கழுவத்தான் செய்வாங்க.

— வெளிய கழுவுவாங்க. பக்கெட்டைத் தூக்கி சீட்டு மேல கவுக்க மாட்டாங்க. பழைய மாட்யூலும் இப்படித்தான் செத்திருக்கு. நானும் ஒரு முட்டாள். அன்னிக்கே அந்த இடம் ஈரமா இருந்துச்சு, துணியால ஒரு தொடை தொடைச்சுட்டு புதுசை மாட்டிட்டேன். யாருன்னு சொல்லுங்க. லோடு ஏத்துற ஆளுங்களா?

— நான்தான். டீ கொட்டிடுச்சு, கழுவினேன்.

— தினமுமா கொட்டிச்சு? டீயைக் குடிக்கவே மாட்டீங்களா?

— சரி, குடிச்சேன்! டீ இல்ல, சாராயம். குடிச்சுட்டு வாந்தி எடுத்தேன். தண்ணிய ஊத்திக் கழுவினேன். போ, போய் உங்கம்மாகிட்ட வத்தி வை.

— நீங்களா? விசேஷ வீட்டுல சோடா கொடுத்தாக்கூட மோந்து பார்த்துட்டுக் குடிக்கிற ஆளு நீங்க. பொய் சொல்றதுக்கும் ஒரு மூஞ்சி வேணும்பா.

— உனக்கு என்னதான்டி வேணும்?

— என் பேரு வேணும்! மொதலாளி இங்கதான் வந்துக்கிட்டு இருக்கார். வந்ததும் இந்த மாட்யூலை அவர் கையிலயே கொடுப்பேன். உங்க டிரைவர் தண்ணி ஊத்திக் கொன்னுட்டார், என் வேலையில குத்தம் இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்வேன். அப்பான்னெல்லாம் பார்க்க மாட்டேன்.

— சொல்லாதம்மா.

— ஏன் சொல்லக் கூடாது? நீங்க சொன்னீங்கல்ல? நகருங்க, சீட்டைக் கழட்டிக் காயப் போடணும்.

— சீட்டைத் தொடாத.

— ஏன்?

— தொடாதன்னா தொடாத! கையை எடு! அந்தப் பையை சீட்டுக்கு அடியிலயே வை! வைன்னு சொல்றேன்ல!

— ரெண்டு மாத்துப் பேண்டு. சோப்புத்தூள். ரப்பர் ஷீட்டு... என் புள்ளைக்குப் படுக்கையில விரிப்பேனே, அதே ஷீட்டு. அப்பா...

— பார்த்தாச்சா? மனசு குளுந்துச்சா?

— எவ்வளவு நாளா இப்படி?

— ஆகுது. வருதுன்னு தெரியறதுக்குள்ள வந்துடுது. லோடு வண்டிய நெனச்ச எடத்துலயா நிறுத்த முடியும்? அப்படியே உக்காந்து ஓட்டிக்கிட்டு வருவேன். ஆள் இல்லாத எடமாப் பார்த்து நிறுத்திக் கழுவுவேன்.

— டாக்டர்கிட்ட போனீங்களா?

— போய் வாயத் தொறந்து என்னன்னு சொல்ல? உங்கம்மாவுக்கே தெரியாது. மொதலாளி காதுக்குப் போனா அந்த நிமிஷமே சாவிய வாங்கிடுவார். லோடு ஏத்துற பசங்க வாயில விழுந்தா சாகிற வரைக்கும் எனக்கு அதான் பட்டப் பேரு. உன் பேரைக் காப்பாத்திக்கோ, வேணாங்கல. இத மட்டும் சொல்லிடாத.

— எனக்கு வர்ற கோவத்துக்கு... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியல, என் வேலையக் குத்தம் சொல்ல மட்டும் முடிஞ்சுதா?

— முடிஞ்சுது. அது சுலபமா இருந்துச்சு. பொண்ணுதானே, பொறுத்துப்பான்னு நெனச்சேன்.

— பொறுத்துக்க மாட்டேன். இதுக்கெல்லாம் மருந்து இருக்கு, மாத்திரை இருக்கு. நாளைக்குக் காலையில நீங்க எங்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றீங்க. வர மாட்டேன்னா குண்டுக்கட்டாத் தூக்கிட்டுப் போவேன். பையை அந்த பேட்டரி அடுக்குக்குப் பின்னால வைங்க. சீக்கிரம். மொதலாளி கார் வந்துடுச்சு.

— என்ன எலக்ட்ரீஷியனம்மா, நேரா விஷயத்துக்கு வந்துடுவோம். மாட்டின சூட்டோட ரெண்டாவது பாக்ஸும் அவுட்டு. அங்க லோடு காத்துக்கிட்டுக் கெடக்கு. தப்பு யார் மேல?

— ... என் மேல சார்.

— என்னது?

— பழசைக் கழட்டும்போதே அந்த இடம் ஈரமா இருந்துச்சு. தண்ணி எங்கேருந்து வருதுன்னு தேடாம புதுசை மாட்டிட்டேன். இன்னொண்ணு என் செலவுல மாட்டித் தர்றேன்.

— அதானே பார்த்தேன். விஷயம் என்னன்னா, ஆம்பளைங்க வெச்சிருக்கிற ஷெட்டு ஆயிரம் இருக்கு. டிரைவர் மூஞ்சிக்காகத்தான் உனக்குக் கொடுத்தேன். என்ன டிரைவரே, நீங்களே சொன்னீங்கல்ல, பொண்ணு சரியா மாட்டியிருக்க மாட்டான்னு?

— சொன்னேன்.

— அவ்வளவுதான், விஷயம் முடிஞ்சுது. மத்த மூணு வண்டியும் இந்தப் பக்கம் வராது. வெளியிலயும் நாலு பேர் கேட்டா நான் மறைக்க மாட்டேன். வீட்டுல உக்காந்து இஸ்திரிப் பெட்டி ரிப்பேர் பண்ணட்டும், அதுக்குப் போதும் இந்தக் கைவேலை.

— மொதலாளி, வார்த்தைய அளந்து பேசுங்க.

— அப்பா, சும்மா இருங்க. சார் சொல்றது சரிதான்.

— நீ வாயை மூடு! எவன் முன்னாலடி தலையக் குனியற நீ? மொதலாளி, அவ பொய் சொல்றா. அவ மாட்டினதுல ஒரு ஸ்க்ரூகூடத் தப்பு இல்ல.

— இது என்ன புதுக் கதை? அப்ப அவ்வளவு தண்ணி எங்கேருந்து வந்துச்சு?

— அப்பா, வேணாம்பா!

— எனக்கு மூத்திரம் அடக்க முடியல மொதலாளி, சீட்டுலயே போயிடுது, அதத்தான் தினமும் பக்கெட் பக்கெட்டா ஊத்திக் கழுவினேன். இந்தாங்க என் வண்டிச் சாவி. நாலு வண்டியையும் என் பொண்ணுகிட்ட விடுங்க.