எங்க குத்தினா பத்திரம்

அதைத்தாங்க நானும் சொல்றேன், அந்தத் துப்பாக்கி மட்டும் வேண்டவே வேண்டாம். துப்பாக்கின்னா நிஜத் துப்பாக்கியா, நகைக்கடையில காது குத்தறதுக்குன்னு வெச்சிருப்பாங்களே, வெள்ளை பிளாஸ்டிக்ல, அது. உள்ள தோட்டை மாட்டி, காதுல வெச்சு, டப்புனு ஒரு அழுத்து, ஆளை விடு. உங்களையும் அங்கதான் போகச் சொன்னாங்களா? யாரு, மாமியாரா? நினைச்சேன். சேச்சே, அவங்களைக் குத்தம் சொல்லல. எல்லா வீட்லயும் அப்படி ஒரு ஆளு உண்டு. எங்க வீட்ல என் நாத்தனாரு.

கொஞ்சம் இப்படித் தள்ளி உக்காருங்க, ஃபேன் நேரா குழந்தை மூஞ்சியில அடிக்குது. எத்தனை மாசம்? ஏழா? தடுப்பூசி எல்லாம் போட்டாச்சுல்ல? நல்லது. பாருங்களேன், எப்படி முறைக்கறா. யாருடா இந்தப் பொம்பளை, வந்ததுலேருந்து வாயே மூடலைன்னு பாக்கறா. என் பொண்ணா? உள்ள இருக்கா, டாக்டர் ரூம்ல. பதினொண்ணு முடிஞ்சுது. அவளுக்காகத்தான் இந்தப் படிப்பெல்லாம் படிச்சேன். காது குத்தறதைப் பத்தி என்ன வேணா கேளுங்க, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஒரு பொண்ணு, ரெண்டு காது, பதினோரு வருஷம். டாக்டர் பட்டமே வாங்கியிருக்கலாம்.

நாத்தனாரு இருக்காங்களே, அவங்களுக்கு எல்லாமே ரெண்டு நிமிஷ வேலை. வீடு மாத்தறதா, ரெண்டு நிமிஷம். ஆபரேஷனா, ரெண்டு நிமிஷம். என் பொண்ணு பொறந்து மூணாம் மாசமே வந்து நின்னாங்க, கெளம்பு, நம்ம கடையில தோடு வாங்கினா குத்தறது இலவசம்னு. நம்ம கடையாம்! என்னமோ இவங்க அப்பா கட்டி விட்டுட்டுப் போன மாதிரி. இலவசம்னா பாம்புக்கடியைக் கூட ரெண்டா வாங்கிட்டு வர்ற கை அது. சரி, பாக்காம சொல்லக் கூடாதுல்ல, நான் மட்டும் தனியா போய் ஒரு மணி நேரம் அந்தக் கடையில உக்காந்து பாத்தேன். டை கட்டின ஒரு ஆளு. ஒரு குழந்தைக்குக் குத்தினான், துப்பாக்கியைப் பஞ்சால துடைச்சான். அடுத்த குழந்தைக்குக் குத்தினான், அதே பஞ்சு. ஏம்பா, இதைக் கொதிக்க வெச்சு சுத்தம் பண்ண மாட்டீங்களான்னேன். கொதிக்க வெச்சா உருகிடும் மேடம்னான். எவ்வளவு மரியாதையா சொன்னான் தெரியுமா! வலிக்குமான்னா, எறும்பு கடிச்ச மாதிரி கூட இருக்காதுங்கறான். குழந்தைக்குக் குத்தச் சொன்னா எனக்கே குத்தறான் காதை. பக்கத்துல அந்தக் குழந்தை கடையே இடிஞ்சு விழற மாதிரி கத்திக்கிட்டு இருக்கு.

அடுத்தது எங்க அண்ணன். மருந்துக்கடை வெச்சிருக்கான். அதனால தானும் டாக்டர்னு ஒரு நினைப்பு, வெள்ளைச் சட்டையைத் தவிர வேற போட மாட்டான். ஊசி இருக்கு, ஸ்பிரிட் இருக்கு, கையுறை இருக்கு, வேற என்னடி வேணும் உனக்குன்னான். கை நடுங்காம இருக்கணும், அது இருக்கான்னு கேட்டுட்டேன். ஆறு மாசம் பேசல. அப்புறமும் அவனா பேசலைங்க, அண்ணிதான் பேச வெச்சாங்க.

எங்க வீட்டுக்காரரா? அவரு ஒரு தனி ரகம். சரின்னும் சொல்ல மாட்டாரு, வேண்டாம்னும் சொல்ல மாட்டாரு. உனக்கு எது சரின்னு படுதோ பண்ணு. இது ஒரு பதிலாங்க? நல்லபடியா முடிஞ்சா ரெண்டு பேரும் பண்ணது, தப்பாப் போனா நான் பண்ணது. போன்லேருந்து தலையை நிமித்தி, எனக்கு அப்பவே தோணுச்சும்பாரு. அப்பவே தோணினதை அப்பவே சொல்ல மாட்டாரு மனுஷன்.

இதுக்குன்னு போன்ல ஒரு குரூப்பு வேற. பேரு காது. அண்ணன்தான் ஆரம்பிச்சான், பேசாம இருந்த ஆறு மாசமும் அதுல மட்டும் பேசினான். அதுல அவனுக்கும் நாத்தனாருக்கும் முட்டிக்கிச்சு. நாத்தனாரு கோவிச்சுக்கிட்டு வெளிய போய், காது ரெண்டுன்னு தனியா ஒரு குரூப்பு ஆரம்பிச்சாங்க. நான் ரெண்டுலயும் இருந்தேன். காலையில எழுந்தா பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி எந்தக் காதுல என்ன சண்டைன்னு பாத்தாகணும்.

சரி, நான் என்ன பண்ணேன்னு கேளுங்க. சிரிக்கக் கூடாது. சில தோட்டுல நிக்கல் கலந்திருக்கும், சில பேரு தோலுக்கு அது ஒத்துக்காது. அதுக்காக நாலு வகைத் தோடு வாங்கிட்டு வந்து, ஒவ்வொண்ணா என் கையில பிளாஸ்டர் போட்டு ஒட்டி, மூணு மூணு நாள் வெச்சுப் பாத்தேன். அரிச்சுது. தோட்டால அரிக்குதா, பிளாஸ்டரால அரிக்குதா? சந்தேகம் வந்துருச்சு. வெறும் பிளாஸ்டரை மட்டும் ஒட்டி இன்னொரு மூணு நாள். ஆஃபீஸ்ல பக்கத்து சீட்டு அம்மா என்னை ஓரமா கூட்டிக்கிட்டுப் போய், வீட்டுக்காரரு கை நீட்டறாரான்னு கேட்டாங்க. அந்த மனுஷனாவது, கை நீட்டறதாவது! என் தோலுக்கு ஒத்துக்கிட்டா அவ தோலுக்கு ஒத்துக்கும்னு யாரு சொன்னாங்கன்னு நீங்க கேக்கறீங்க. அன்னைக்கு அது எனக்குத் தோணலைங்க. டைட்டானியம்னு கேட்டு வாங்குங்க, இல்லன்னா நல்ல தங்கம். அது வரைக்கும் உண்மை.

இன்னொரு கூத்து. பச்சை குத்தற கடைக்கும் போனேன். குத்தறவனுக்குக் கழுத்து வரைக்கும் படம், மூக்குல வளையம், புருவத்துல ரெண்டு ஆணி. போன காரியத்தை மறந்துட்டு அவன் மேலேயே படம் பாத்துக்கிட்டு நின்னேன். கேள்வி கேட்டா, ஒண்ணுக்கும் தடுமாறலைங்க. ஊசியை உடைக்காத பாக்கெட்டோட காட்டினான், மத்த சாமானையெல்லாம் நீராவியில வேக வைக்கற பெட்டியைத் திறந்து காட்டினான், மருந்து எப்படிப் போடணும், எத்தனை வாரம் தோட்டைக் கழட்டக் கூடாது, எல்லாம் சொன்னான். அத்தனை பேருல அவன் ஒருத்தன்தான் எல்லாத்துக்கும் சரியா பதில் சொன்னான். அதனாலயே எனக்கு சந்தேகம் வந்துருச்சு. இவ்வளவு சரியா சொல்றானே, என்னத்தை மறைக்கறானோன்னு வந்துட்டேன்.

அவளுக்கு நாலு வயசு ஆனப்ப ஒரு டாக்டர்கிட்ட போனோம். இங்க இல்ல, வேற இடம். எல்லாம் கச்சிதம். புது ஊசி, புதுக் கையுறை. கிட்ட வந்தாரு, தும்மினாரு. ஒரே ஒரு தும்மல், அதுவும் அந்தப் பக்கம் திரும்பித்தான். குழந்தையை வாரித் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? கையுறையை மட்டும் மாத்தச் சொல்லியிருப்பீங்களா? ம். நல்ல வேளை, உங்க குழந்தைக்கு நான் அம்மா இல்ல.

ஆறு வயசுல நாத்தனாரு எனக்குத் தெரியாம அவளை அந்த நகைக்கடைக்கே கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. காது ரெண்டு குரூப்புல படம் போட்டுட்டாங்க, பெருமை தாங்கல. போட்டது போட்டபடி ஓடினேன், ஒரு கால்ல வேற செருப்பு. அங்க போனா, என் பொண்ணு அந்த உயர நாற்காலியில மகாராணி மாதிரி உக்காந்திருக்கா. முடியை ரெண்டு கையாலயும் தூக்கிப் புடிச்சுக்கிட்டு இருக்கா. ரெண்டு காதுலயும் பேனாவால புள்ளி வெச்சாச்சு. டைக்காரன் துப்பாக்கியைத் துடைக்கறான், அவனும் மாறல, அவன் பஞ்சும் மாறல. கையைப் புடிச்சு ஒரே இழு, வெளிய வந்துதான் நின்னேன். ரோட்டுல ஒரே அழுகை. பாவம், பயந்துட்டாளேன்னு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தேன். அதைக் கையில வெச்சுக்கிட்டே அழறா, உருகி முழங்கை வரைக்கும் ஓடுது.

பயமில்லைங்க அது. அந்தப் புள்ளியை மூணு நாள் அழிக்க விடல. குளிக்கும்போது காதைப் பொத்திக்குவா. தலையணையில தேஞ்சுடக் கூடாதுன்னு மல்லாந்தே தூங்கினா. எங்கடி தோடுன்னு பள்ளிக்கூடத்துல கேட்டதுக்கு, இடம் பாத்தாச்சு, வீடு கட்டறதுதான் பாக்கின்னாளாம். டீச்சர் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. நானும் சேந்துதான் சிரிச்சேன்.

அதுக்கப்புறம் எப்பம்மா, எப்பம்மான்னு நச்சரிப்பு. சளி போகட்டும், வெயில் குறையட்டும், பரிட்சை முடியட்டும், இன்னும் ஒரு இடம் விசாரிச்சுக்கறேன். ஒன்பது வயசுல கேக்கறதையே நிறுத்திட்டா. எனக்கு ஒரே நிம்மதி. ஆசை போயிருச்சு, புரிஞ்சுக்கிட்டா, நல்ல புள்ளைன்னு ரெண்டு குரூப்லயும் எழுதினேன். எல்லாரும் கை தட்டற பொம்மையைப் போட்டாங்க.

என்னங்க, பையை எடுக்கறீங்க? கெளம்பறீங்களா? இன்னும் நாலு இடம் விசாரிக்கணுமா? ஐயையோ, உக்காருங்க. நான் என்ன சொன்னேன், நீங்க என்ன பண்றீங்க! இங்க ஒரு குறையும் இல்லைங்க. முன்னாடி ஒரு குழந்தைக்குக் கதவைத் திறந்து வெச்சுத்தான் குத்தினாங்க, நான் எட்டிப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். ஊசிப் பாக்கெட்டை அம்மா கண்ணு முன்னாடி பிரிச்சாங்க. கையுறை மாத்தினாங்க. புள்ளி வெச்சு, மேல கீழ இல்லாம சரியா இருக்கான்னு காட்டிட்டுத்தான் குத்தினாங்க. குத்தின ஊசி நேரா டப்பாவுக்குப் போயிருச்சு. போதும்ங்க. இதுக்கு மேல எங்க தேடினாலும் கிடைக்காது. நான் தேடிட்டேன். பையைக் கீழ வையுங்க, சொல்றேன்.

என் பொண்ணு இங்க காது குத்திக்க வரலைங்க. குத்திக்கிட்டா. அவளே. ஊக்கால, குளியலறைக் கண்ணாடியைப் பாத்து. பன்னெண்டு நாளாச்சு. எனக்குத் தெரிஞ்சது இன்னைக்குக் காலையில. உடம்பு சுடுதேன்னு எழுப்பப் போனா, முடி தலையணையோட ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது. ஒதுக்கிப் பாத்தா இடது காது இம்மாம் பெருசு, சீழ் வெச்சு, தொட விடல. வலது காது நல்லாத்தான் இருக்கு, சும்மா சொல்லக் கூடாது, நட்ட நடுவுல குத்தியிருக்கா. பன்னெண்டு நாளா தலை வாரிவிடறேன்னு கூப்பிட்டா, வேண்டாம்மா, நானே வாரிக்கறேன்னு சொல்லிக்கிட்டு இருந்தா. பொறுப்பு வந்துருச்சுன்னு அதையும் எழுதிப் போட்டேன்.

ஏண்டி என்கிட்ட சொல்லலைன்னு கேட்டேன். சொன்னா மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிப்பீங்களேம்மான்னா. கோவமா கூட சொல்லலைங்க. மணி என்னன்னு கேட்டா சொல்ற மாதிரி சொல்றா. சோப்பு போட்டுக் கை கழுவிட்டுத்தாம்மா குத்தினேன்னு எனக்கு ஆறுதல் வேற. கண்ட கடையில ஏறி கண்டவனைக் கேள்வி கேட்டவ, பக்கத்து ரூம்ல படுத்திருக்கிற பொண்ணை ஒரு வார்த்தை கேக்கலையேன்னு என்னை நானே அறைஞ்சுக்கலாம் போல இருந்துச்சு. வீட்டுக்காரரு? எனக்கு அப்பவே தோணுச்சுன்னாரு.

இப்பவா? கீறி சீழை எடுக்கறாங்க. மரத்துப் போற ஊசி போட்டுத்தான். காதுக்கு ஒண்ணும் ஆகாது, நேரத்துல வந்துட்டீங்கன்னாரு டாக்டர். இல்லைங்க, நான் ஏன் உள்ள போகலைன்னா, கூட ஒருத்தர் இருக்கலாம்னுதான் சொன்னாங்க. நானும் எழுந்து அவ கையைப் புடிச்சேன். மெதுவா உருவிக்கிட்டா. நர்ஸைக் காட்டி, இந்த அக்கா இருந்தா போதும், அம்மா வெளிய இருக்கட்டும்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டா. அவ்வளவுதான். அதான் உங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்.

பாருங்க, உங்க நம்பரைக் கூப்பிடறாங்க. பக்கத்து ரூம். எழுந்திரிங்க, போங்க. நாங்க புடிச்சுக்கறோம்னு கேப்பாங்க, குடுத்துடாதீங்க, நீங்களே மடியில வெச்சுக்கங்க. உங்களை வேண்டாம்னு சொல்ல அதுக்கு இன்னும் பேச வரலைல்ல.