ஊட்டிவிடுற சீன்

இல்லம்மா, உங்க சீரியல் விழாவுக்கு நான் வரல. நீ வந்ததுல இருந்து இதையேதான் சொல்லிக்கினு இருக்கேன், நீயும் சிரிச்சிக்கினே ஒக்காந்திருக்கற. மொதல்ல இந்த மேடம்னு கூப்புடறத நிறுத்து. லூர்துமேரின்னு எனக்கு ஒரு பேரு இருக்கறப்ப மேடம்னா யாருக்கோ சொல்ற மாதிரி கீது. அத்தைன்னு கூப்புடு. எங்க மருமவ அன்புச்செல்வியும் நீயும் ஒரே வாட்சாப் குரூப்புதானே, அப்ப எனக்கு நீயும் மருமவதான்.

உம் பேரு இன்னா? புனிதாவா? நல்லா கீது. விழுப்புரத்துல இருந்து இந்த வெயில்ல திண்டிவனம் வந்து, சந்து சந்தா விசாரிச்சிக்கினு என்னத் தேடிப் புடிச்சிருக்கற. அதுக்காவது உனக்கு ஒழுங்கா பதில் சொல்லணும் நானு.

பாத்தேனே. நான் பாக்காமயா? உங்க மதியம் ஒரு மணி சீரியல இந்த வூட்ல பாக்காதவங்க யாரு? மொத வாட்டி வந்தப்ப பாத்தாங்க. இப்ப போன்ல மறுபடியும் ஆரம்பத்துல இருந்து பாக்கறாங்க. ஆபீஸ் விட்டு வந்து சோறு வச்சாளோ இல்லையோ, அன்பு போனத் தூக்கி சுவத்துல சாய்ச்சி வச்சிடுவா. அப்பால உங்க குரூப்புல ஒரே பஞ்சாயத்து. சீரியல்ல முரளி அந்த டைப்பிஸ்ட் ஸ்டெல்லாவுக்கு சோறு ஊட்டி வுட்டப்ப ஸ்டெல்லா கண்ணுல தண்ணி வந்துதே, அது காதலா, நன்றியான்னு ரெண்டு கட்சி கட்டிக்கினு சண்டை போட்டீங்களாமே. அன்பு எனக்குப் படிச்சிக் காட்டுனா. நீ எந்தக் கட்சி? நன்றியா? ம். ஒரு வாய் சோத்துக்கு நன்றி.

கோவப்படலம்மா. நீ சின்னப் பொண்ணு, உம்மேல எனக்கு இன்னா கோவம்.

ஆமா, அந்த ஆபீஸ்தான். சீரியல எழுதுன சீனுவாசன் சாரு பேட்டியில சொன்னாரே, விழுப்புரத்துல நான் வேலை பாத்த எண்ணெய் கம்பெனிதான் கதை, அங்க நெஜமாவே ஒரு டைப்பிஸ்ட் பொண்ணு இருந்துச்சி, திண்டிவனத்துக்காரப் பொண்ணுன்னு. அதக் கேட்டுட்டு நீங்க எல்லாம் தேட ஆரம்பிச்சீங்க. எம் மருமவ சும்மா இருந்திருக்கலாம், அது எங்க அத்தைதான்னு போட்டுட்டா. அன்னைக்குப் புடிச்சது பேஜாரு.

சீரியல்ல கடலை எண்ணெய்னுவாங்களே, அந்த மல்லாட்டை எண்ணெய் கம்பெனிம்மா. பின்னாடி செக்கு மிஷினு, முன்னாடி ஆபீஸு. உள்ள நொழைஞ்சா புண்ணாக்கு வாசனை மூக்க அடைக்கும். சீரியல்ல வாசனை வராது இல்ல, அதான் அழகா கீது. இந்திரா காந்தி செத்த அடுத்த வருஷம் நான் வேலைக்குச் சேந்தேன். எங்க தெருவுல டைப்பிங் ஹையர் பாஸ் பண்ண மொத ஆளு நானு. எங்கம்மா நடவுக்குப் போயிக்கினே என்னப் படிக்க வச்சிது. காலையில திண்டிவனத்துல பாசஞ்சர் ஏறுனா மயிலம், பேரணி, விக்கிரவாண்டி எல்லாம் நின்னு நின்னு விழுப்புரம் போவும். எறங்கி ஓடுவேன். அந்த ஸ்டெல்லா தினம் ஒரு புதுச் சேலை கட்டிக்கினு ரிக்சாவுல வந்து எறங்குது. எங்கிட்ட இருந்ததே ரெண்டு சேலை, ஒண்ணு தோய்ச்சா ஒண்ணு கட்டுவேன்.

ஆனா டைப் மெஷின் சத்தத்த சரியா புடிச்சிருக்காங்க, பொய் சொல்லக் கூடாது. அந்த மணி அடிக்கிற சத்தம் கேட்டா இப்பக் கூட என் கையி தானா எடது பக்கம் போவுது.

எல்லாரும் நல்லவங்கதானா? இன்னா சொல்றது. திட்ட மாட்டாங்க. அடிக்க மாட்டாங்க. மேனேஜரு என்ன வாம்மா போம்மான்னுதான் கூப்புடுவாரு. ஆனா நான் டைப் அடிச்ச லெட்டர எங்கையில இருந்து வாங்க மாட்டாரு. டேபிள் மேல வைன்னுவாரு, வச்சிட்டு நான் தள்ளி நின்னப்பறம் எடுப்பாரு. தண்ணிப் பானைகிட்ட ரெண்டு எவர்சில்வர் டம்ளரு இருக்கும். ஜன்னல் மேல ஒரு கண்ணாடி கிளாஸு. அது உனக்குன்னு யாரும் எங்கிட்ட சொல்லல. மத்தவங்க அதத் தொடல, அவ்ளோதான். நமக்கே புரிஞ்சிடும் இல்ல? உனக்குப் புரியுதா? புரியுதுன்றியா, சரி.

சாப்பாடா? ஆங், அதுக்குத்தான வந்திருக்கற நீ. அந்த நீள மேசை நெஜந்தான். தேக்கு மேசை, ஆபீஸ் முழுக்க ஒக்காந்து சாப்புடலாம். ஒரு மணிக்கு ஃபைலு எல்லாம் தூக்கிட்டு கேரியரு பிரிப்பாங்க. நான் மட்டும் பின்னாடி போயி, கோணி மூட்டை அடுக்கி இருக்கற எடத்துல ஒக்காந்து சாப்ட்டுட்டு வந்துடுவேன். அப்டி ஒண்ணும் பெரிய வருத்தம் இல்ல அப்ப. வேலை கெடச்சதே பெருசுன்னு இருந்தேன்.

சீனுவாசன் சாரு அப்ப கிளார்க்கு. எனக்கு அடுத்த டேபிளு. நல்ல மனுசன், அத நான் எப்பவும் சொல்லுவேன். கதை எழுதுவாரு. அவரு கையெழுத்து கோழி கெளறுன மாதிரி இருக்கும், பத்திரிகைக்கு அனுப்புனா திருப்பி அனுப்பிடுவாங்கன்னு என்னாண்ட குடுத்து டைப் அடிக்கச் சொல்லுவாரு. வேலை முடிஞ்சி, ரயிலுக்கு நேரம் இருக்கும் இல்ல, அப்ப ஒக்காந்து அடிச்சிக் குடுப்பேன். எங்கையில இருந்து பேப்பர நேரா வாங்குனது அந்த ஆபீஸ்ல அவரு ஒருத்தருதான். எல்லாக் கதையிலயும் பாவப்பட்ட பொண்ணு ஒண்ணு வரும், கடைசியில யாராவது ஒருத்தன் வந்து கை குடுப்பான். படிச்சா அழுகை வரும் எனக்கு. சார், உங்க மனசு யாருக்கு வரும்னுவேன்.

காதலா? அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. இருந்திருக்கலாம். எனக்கே சரியாத் தெரியல. அதுக்குள்ளதான் அந்த நாளு வந்துடுச்சே.

அவருதான் கூப்ட்டாரு. ஏன் மேரி பின்னாடி போயி மூட்டைகிட்ட ஒக்காந்து சாப்புடற, காலம் மாறிப்போச்சி, நாளைக்கு டேபிளுக்கு வா, நான் இருக்கேன்னாரு. வேணாம் சார்னேன். நான் இருக்கேன் மேரின்னு மறுபடியும் சொன்னாரு. ரயில்ல வர்றப்ப முழுக்க அதேதான் காதுல. வூட்டுக்கு வந்து எங்கம்மாகிட்ட, நாளைக்கு நல்லதா ஏதாவது கட்டிக் குடும்மான்னேன். அது புளி சோறு கிளறி, மல்லாட்டைத் தொவையல் அரைச்சி, புது டப்பாவுல வச்சிக் குடுத்துச்சி.

மறுநாள் ஒரு மணிக்கு நேராப் போயி அவருக்குப் பக்கத்து நாக்காலியில ஒக்காந்தேன். டப்பாவத் தொறந்தேன்.

மேனேஜருக்கு திடீர்னு ஒரு போன் பண்ண வேண்டி இருந்துச்சி, எழுந்தாரு. அக்கவுண்டன்ட்டு வயிறு சரியில்லன்னு எழுந்தாரு. அப்பால ஒவ்வொருத்தரா கேரியர மூடற சத்தம். எவர்சில்வரு மூடி, தெரியுமில்ல, டங்கு டங்குனு. கடைசியா நானும் அவரும்தான். தயிர் சோத்துல கை வச்சிருந்தாரு. என்னப் பாத்தாரு. கதவப் பாத்தாரு, அங்க மேனேஜரு நின்னுக்கினு இருந்தாரு. மறுபடி என்னப் பாக்கவே இல்ல. கையக் கூட கழுவாம கேரியர எடுத்துக்கினு எழுந்து போயிட்டாரு.

அதான்ம்மா அந்த சீனு. நீங்க எல்லாம் டீ சர்ட்டுல அச்சடிச்சி போட்டுக்கினு இருக்கீங்களே, எல்லாரும் எழுந்து போறப்ப முரளி மட்டும் ஒக்காந்து, ஸ்டெல்லா வாய்ல ஒரு வாய் தயிர் சோறு ஊட்டுவாரே, அது.

அழுவாத. எதுக்கு அழுவற? நானே அழல அன்னைக்கு.

நானா? சாப்ட்டேன். எங்கம்மா கட்டிக் குடுத்த சோறு, ஏன் வீணாக்கணும்? தண்ணியக் குடிச்சிக் குடிச்சி எறக்குனேன். டப்பாவக் கழுவுனேன், போயி லெட்டரு அடிச்சேன். எங்கம்மாகிட்ட சொன்னப்ப, வேலைய வுட்டுடறியாடின்னு கேட்டுச்சி. தம்பி படிக்கிறான், ஓலை வூடு ஒழுகுது, எதுக்கு வுடணும்? மறுநாளும் போயி அதே மேசையில ஒக்காந்தேன். அதுக்கு மறுநாளும். அவங்கதான் எடத்த மாத்திக்கினாங்க. பின்னாடி மூட்டைகிட்ட போயி, நான் ஒக்காந்த எடத்துல ஒக்காந்து சாப்ட்டாங்க எல்லாரும். வருசக் கணக்குல அவ்ளோ பெரிய மேசையில நான் ஒருத்திதான். சீனுவாசன் சாரு மொதல்ல கொஞ்ச நாளு அவரு டேபிள்லயே, முதுகக் காட்டிக்கினு சாப்ட்டாரு. அப்பால கதைய என்னாண்ட குடுக்கறதும் நின்னு போச்சி. அப்பால மெட்ராசுல பத்திரிகையில வேலை கெடச்சி கெளம்பிட்டாரு.

இல்ல இல்ல, சீரியல்ல ஆபீஸ வுட்டுப் போற ஸ்டெல்லாவுக்கு மால போட்டு ரயில் ஏத்தி வுட்டதெல்லாம் அவரா எழுதுனது. நான் எங்கயும் போவல. கம்பெனிய இழுத்து மூடற வரிக்கும் நான் இருந்தேன். அதுக்கப்பறம் திண்டிவனம் கோர்ட்டாண்ட டைப் கடை போட்டேன், கல்யாணம், அலெக்ஸு பொறந்தான், எங்க வூட்டுக்காரரு அந்தோணிசாமி போயி சேந்தாரு, எல்லாம் ஆச்சி.

அன்புகிட்ட சொன்னேன். போன மாசம் அந்த சீன எத்தினியாவது வாட்டியோ பாத்து கண்ணத் தொடச்சிக்கினு இருந்தா, அப்ப சொன்னேன். நம்பல மொதல்ல. அப்பால போன ஆஃப் பண்ணிட்டா. நாலு நாளு தொடல. அப்பறம் மறுபடியும் ஆரம்பிச்சிட்டா. ஏண்டின்னா, அந்த சாரு பண்ணது தப்பு அத்தை, ஆனா முரளி இன்னா பண்ணான், அவன் நல்லவன்தானேன்றா. இதுக்கு நான் இன்னா பதில் சொல்றது, நீயே சொல்லு.

நானும்தான் பாக்கறேன், மறைக்க இன்னா இருக்குது. அந்தப் பொண்ணு வாயத் தொறக்கறப்ப என் வாயும் தொறந்துக்குது. அசிங்கமா இருக்கும். ஜல்தியா மூடிக்குவேன், அன்பு பாத்துடப் போறான்னு.

ஆங், விழாவப் பத்திதான் நோட்டீஸ்லயே போட்டிருக்கீங்களே. அதே மாதிரி நீள மேசை மேடையில போடறீங்க, சாரு வர்றாரு, நெஜ ஸ்டெல்லா வர்றாங்க, எல்லார் முன்னாடியும் சாரு கையால ஒரு வாய் ஊட்டி வுடுவாரு, ஜனம் கை தட்டும். யோசனை உங்க குரூப்போடதா, அவரோடதா? அவரு சரின்னு சொன்னாரா. சொல்லுவாரு சொல்லுவாரு.

மன்னிக்கணுமா? மன்னிச்சிட்டேன்னுதான்ம்மா நெனச்சிக்கினு இருந்தேன் நானும். அன்னைக்கு அவருக்கு இன்னா வயசு, உன் வயசு இருக்கும். வேலை போயிடும்னு பயம். தங்கச்சிங்க இருந்தாங்க. அந்த எடத்துல உக்காந்திருக்க தைரியம் எத்தினி பேருக்கு வரும்? கோழை, கெட்டவன் இல்ல, அப்டின்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். அந்த சீனப் பாத்தப்பறம் இன்னும் கொஞ்சம் எளகிடுச்சி. பண்ண முடியாததத்தானே எழுதியிருக்காரு, அது மனசுல உறுத்திக்கினே இருந்திருக்குது போலன்னு.

அதான் போன வாரம் அவரு இங்க வந்தப்ப நான் சந்தோசப்பட்டேன்.

ஏன், உங்கிட்ட அவரு சொல்லலையா? வந்தாரும்மா. இந்த விழாவுக்குக் கூப்புடத்தான், காரு போட்டுக்கினு வந்தாரு. நீ ஒக்காந்துக்கினு இருக்கியே, அந்த நாக்காலிதான். தலை எல்லாம் நரைச்சி, கண்ணாடி போட்டுக்கினு, அடையாளமே தெரியல. மொதல் நாளே போன் பண்ணி மத்தியானம் வர்றேன்னாரு. அன்பு லீவு போட்டுட்டா. கறி மீனு எதுவும் எடுக்கல, அவங்க சாப்புட மாட்டாங்கன்னு. பாத்திரத்த எல்லாம் புளி போட்டு வெளக்குனோம். கத்திரிக்கா மொச்சை காரக்கொழம்பு, ரசம், அப்பளம், தயிரு. தலவாழை இலை. தண்ணி கூட கடையில பாட்டிலு வாங்கி வச்சேன், அவருக்கு ஒரு சங்கடம் வரக்கூடாதுன்னு.

நல்லாத்தான் பேசுனாரு. மேரி, அன்னைக்கு நான் எழுந்து போயிட்டேன், இத்தினி வருசமா தூங்கல, இப்ப எழுதி சரி பண்ணிட்டேன்னாரு. கண்ணு கூட கலங்குச்சி அவருக்கு. எனக்கும்தான். எலையப் போட்டுட்டு, வாங்க சார் சாப்புடலான்னேன்.

இல்ல மேரி, எனக்கு சுகரு, நேரத்துக்கு மாத்திர போட்டுத்தான் சாப்புடணும், மாத்திர காருல கீது, இன்னொரு நாளு வர்றேன்னாரு. அந்த பாட்டிலு தண்ணிய மட்டும் எடுத்தாரு. மூடி திருகியிருக்குதான்னு பாத்துட்டு அவரே தொறந்து, வாய் படாம அண்ணாந்து ரெண்டு மொடக்கு குடிச்சாரு. கும்புட்டாரு. போயிட்டாரு.

நெஜமா இருக்கும், சுகருதானேன்னுதான் நானும் நெனச்சேன். அன்புகிட்ட கூட அதேதான் சொன்னேன், அவ மூஞ்சி தொங்கிப் போச்சின்னு. அப்ப சவாரி போயிருந்த எம் மவன் அலெக்ஸு வந்தான். ஆட்டோவ வெளிய நிறுத்திட்டு உள்ள வந்தவன், ஏம்மா, பேட்டியில வந்தாரே உங்க ஆபீஸ் சாரு, அவருக்கு நீ சோறு போடலயா, பைபாஸ் ஓட்டல்ல ஒக்காந்து ஃபுல் மீல்ஸ் சாப்ட்டுக்கினு இருக்காரு, ரெண்டாவது வாட்டி சாம்பாரு கேக்கறாருன்னான்.

நாங்க மூணு பேரும் ஒக்காந்து சாப்ட்டோம். அவருக்குப் போட்ட எலையில நான் ஒக்காந்துக்கினேன்.

நல்லாத்தான்ம்மா இருந்துச்சி, காரக்கொழம்பு.