அந்தப் பயம் யாரோடது

தப்பா எடுத்துக்காதீங்க சார், நாற்காலியை இப்படி நேருக்கு நேர் போடக்கூடாது. கொஞ்சம் கோணலாப் போடணும். எதிர்ல இருக்கறவங்க முகத்தையே பார்த்துக்கிட்டு யாருக்கும் மனசு திறக்காது. பக்கத்துல ஒரு ஜன்னல் இருந்தா இன்னும் நல்லது, பேச்சு தடுமாறும்போது கண்ணு போய் நிக்க ஒரு இடம் வேணும்ல. இருபது வருஷத்துக்கு மேல இந்த வேலையில இருக்கேன், அதனால சொல்றேன். பரவாயில்லை, நான் திரும்பி உட்கார்ந்துக்கறேன்.

எங்க வேலை என்னன்னு முதல்ல சொல்லிடறேன். அடி, பட்டினி, குடின்னு குழந்தைங்களுக்கு ஆபத்து இருக்கற வீடுகளுக்கு எங்க ஆளுங்க போவாங்க. பார்ப்பாங்க, பேசுவாங்க. நிலைமை மோசம்னா குழந்தையைக் கூட்டிட்டு வந்து காப்பகத்துல விடுவாங்க. அதுக்கு நான் சரின்னு சொல்லணும். எல்லாரும் படிச்சுப் பட்டம் வாங்கினவங்கதான். ஆனா பட்டம் மட்டும் போதுமா? அந்த வீடுகளுக்குள்ள போய்ட்டு வந்தா மனசு ஒரு மாதிரி ஆயிடும். அதனால வாராவாரம் ஒவ்வொருத்தரும் என் அறையில கதவைச் சாத்திக்கிட்டு உட்காரணும். போன வீட்டுல தான் என்ன நினைச்சோம், ஏன் அப்படி நினைச்சோம்னு திரும்பிப் பார்க்கணும். இதுல எனக்கு ஒரே ஒரு விதிதான். நான் பதில் சொல்லமாட்டேன், கேள்விதான் கேப்பேன். நாமளே ஊட்டி விட்டுக்கிட்டிருந்தா அவங்க எப்ப தானா மென்னு சாப்பிடறது? வெளியூர்ல இருந்தெல்லாம் என்கிட்ட இதைக் கத்துக்க வருவாங்க.

சின்னவளைப் பத்திக் கேட்டீங்க. கடைசியா வேலைக்குச் சேர்ந்தவ, அதனால ஆபீஸ்ல எல்லாருக்கும் அவ சின்னவதான். நல்ல பொண்ணு. துறுதுறுன்னு இருப்பா, அக்கா அக்கான்னு என் பின்னாடியே சுத்துவா. அவசரக்குடுக்கை, அது ஒண்ணுதான் குறை. ஒரு தடவை எல்லாரும் வட்டமா உட்கார்ந்து பேசிக்கிட்டிருந்தப்ப, "அக்காகிட்ட மணி என்னன்னு கேட்டாக்கூட, உனக்கு எத்தனைன்னு தோணுதுன்னுதான் கேப்பாங்க"ன்னா. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதையெல்லாம் மனசுல வெச்சுக்கற ஆள் நான் இல்லை.

அவளுக்கு நான் பார்க்கச் சொல்லிக் கொடுத்த வீடு, ஒரு தையல்கடைக்கு மேல மாடியில இருந்தது. ஆறு வயசுப் பொண்ணு, அம்மா, அம்மாவோட ரெண்டாவது புருஷன். குழந்தை பாதி நாள் வர்றதில்லைன்னு பள்ளிக்கூடத்துல இருந்து தகவல் வந்திருந்தது. அந்த ஆள் பேச்சு தேனா ஒழுகும். "தங்கமான மனுஷன்க்கா, அவரே டீ போட்டுக் கொடுத்தார், குழந்தை தலையைத் தடவிக்கிட்டே பேசினார்"னு முதல் வாரம் சொன்னா. "குழந்தை எங்க உட்கார்ந்திருந்தது?"ன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சா. "உட்காரலைக்கா. கதவுகிட்டயே நின்னுக்கிட்டிருந்தது"ன்னா. பார்த்தீங்களா, ஒரு கேள்வி போதும். நான் மேற்கொண்டு எதுவும் சொல்லலை. அடுத்த வாரம், "ஏதோ உறுத்துதுக்கா, என்னன்னு பிடிபடலை"ன்னா. பதிலுக்குக் கிட்ட வந்துட்டாளேன்னு எனக்குச் சந்தோஷமா இருந்தது.

மறுநாள் அந்த வீட்டுக்குக் கீழ கடை வெச்சிருக்கற தையல்காரம்மா ஆபீஸுக்குப் போன் பண்ணாங்க. சின்னவ வெளியில போயிருந்தா, நான்தான் எடுத்தேன். குழந்தைக்கு கவுன் தைக்க அளவெடுத்தாங்களாம். கையைத் தூக்கு கண்ணுன்னா அதால தூக்க முடியலையாம். முதுகுல பழைய சூட்டுத் தழும்புக்குப் பக்கத்துல ஆறாத புண்ணாம். "நான் சொன்னேன்னு தெரிஞ்சா அவன் என்னைச் சும்மா விடமாட்டான். ஆனாலும் எப்படியாவது குழந்தையைக் கூட்டிட்டுப் போயிடுங்கம்மா"ன்னு அழுதாங்க. தைரியமாச் சொன்னதுக்கு நன்றி, நான் பார்த்துக்கறேன்னு சொன்னேன். இதமாத்தான் பேசினேன், வேணும்னா அவங்களையே கேளுங்க.

சின்னவகிட்ட அதைச் சொல்லலை. ஏன்னு கேக்கறீங்க, நியாயமான கேள்விதான். தானாக் கண்டுபிடிக்கற இடத்துக்கு அவ ஒரு அடி தள்ளி நிக்கறா. நான் எடுத்துக் கையில கொடுத்துட்டா அது என் பதிலாயிடும், அவளோடது ஆகாது. நாளைக்கு நான் இல்லாத இடத்துல என்ன பண்ணுவா? ஒரு குழந்தையைக் காப்பாத்தறது சுலபம் சார். இனிமே வரப்போற குழந்தைங்களுக்கு ஒரு ஆளை உருவாக்கணும்ல, அதுதான் என் வேலை.

வெள்ளிக்கிழமை வந்தா. உட்காரக்கூட இல்லை. "குழந்தையை இன்னிக்கே கூட்டிட்டு வந்துடட்டுமாக்கா? எடுத்துக் காட்டறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லை, ஆனா அதை அங்க விட்டு வைக்க மனசு வரலை. கூட்டிட்டு வா, இல்லை வேண்டாம், ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. இன்னிக்கு ஒரு நாள் கேள்வி கேக்காதீங்க, உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

தண்ணி கொடுத்து உட்கார வெச்சேன். "உனக்கு என்ன தோணுது?"

"பயமா இருக்குக்கா."

"அந்தப் பயம் யாரோடது? குழந்தையோடதா, உன்னோடதா?"

இத்தனை வருஷத்துல நான் கேட்டதுலயே அதுதான் நல்ல கேள்வி. அவ அப்படியே அடங்கிட்டா. அப்புறம் அவ அப்பாவைப் பத்திச் சொன்னா. வாசல்ல அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில போய் ஒளிஞ்சுக்குவாளாம். தேம்பித் தேம்பி அழுதா. தையல்காரம்மா சொன்னது அப்ப எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது, முழுங்கிட்டேன். போகும்போது மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "என் பயத்தை அந்த மனுஷன் மேல ஏத்திப் பார்த்துட்டேன் போலக்கா. திங்கட்கிழமை நிதானமாப் போய்ப் பார்க்கறேன்"ன்னா. நான் தலையாட்டினேன்.

ஞாயித்துக்கிழமை குழந்தை செத்துப்போச்சு. எப்படின்னு உங்களுக்கே தெரியும், நான் திருப்பிச் சொல்ல வேண்டாம்.

திங்கட்கிழமை சின்னவளை அறைக்குக் கூப்பிட்டேன். இந்த மாதிரி நேரத்துல ஒருத்தரைத் தனியா விடக்கூடாது. கதவைச் சாத்தி, நாற்காலியைக் கோணலாப் போட்டு, "இதுல இருந்து நீ என்ன கத்துக்கிட்டே?"ன்னு கேட்டேன். அவ நாற்காலியை என் பக்கம் நேராத் திருப்பிக்கிட்டா.

"ஆஸ்பத்திரி வாசல்ல அந்தத் தையல்காரம்மா என்னைப் பிடிச்சு உலுக்கினாங்க. உங்க மேடம்கிட்ட அன்னிக்கே சொன்னேனேன்னு கத்தினாங்க. உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"உனக்கு என்ன தோணுது?"ன்னு கேட்டேன். பழக்கம் சார், வாயில வந்துடுச்சு.

அன்னிக்கு அங்க இருந்து நேரா ஸ்டேஷனுக்கு, உங்ககிட்டதான் வந்திருக்கா. அதுல எனக்கு வருத்தம் இல்லை, அவ செஞ்சது சரிதான். எழுதிக்கோங்க. எனக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தக் குழந்தை இன்னிக்கு உயிரோட இருந்திருக்கும். தெரிஞ்சேதான் சொல்லலை. எங்க கையெழுத்துப் போடணுமோ போட்டுடறேன்.

ஒண்ணுதான் மனசு ஆறலை. சின்னவ வேலையை விட்டுட்டாளாமே. ஏதோ ஜவுளிக்கடையில துணி மடிச்சு வைக்கறாளாம், யாராவது குழந்தையைக் கூட்டிட்டு வந்தா உள்ள போய் நின்னுக்கறாளாம். அவளுக்காகத்தான் சார் இவ்வளவும் பண்ணேன். இனிமே எந்த வீட்டுக்குள்ள போனாலும் அவ கண்ணுக்கு ஒண்ணும் தப்பியிருக்காது. அப்படி ஒரு பாடம், வீணாப் போச்சு.