ஏழாம் எண் பேருந்தும் என் பொருளியல் ஐயமும்

இந்த அவைக்குத் தலைமையேற்று, அயராத சுண்ணக்கட்டியோடு அமர்ந்திருக்கும் பொருளியல் துறைத் தலைவர் பேராசிரியர் கஸ்தூரிரங்கன் ஐயா அவர்களே! மேடைக்கு மெருகூட்டும் ஆசிரியப் பெருமக்களே! பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு, 'இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?' என்ற கேள்வியை மனத்துக்குள் வைத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! படப்பையிலிருந்தும் குன்றத்தூரிலிருந்தும் இரண்டு பேருந்து மாறி வந்திருக்கும் தாய்மார்களே! முதுகலைப் பொருளியலில் இன்று முதல் காலடி வைத்திருக்கும் தோழர்களே, தோழியரே! உங்கள் அனைவருக்கும் இரண்டாமாண்டு மாணவி ஜெரூஷாவின் வணக்கம்.

மாணவி என்றதும் பின்வரிசையில் ஒரு சிரிப்பு கேட்கிறது. என்ன தம்பி, வயதுதானே? முப்பத்து நான்கு. உங்கள் வகுப்பு ஆசிரியை என்று நினைத்துக் காலையில் நான்கு பேர் எனக்கு எழுந்து நின்றீர்கள். நானும் தடுக்கவில்லை.

வரவேற்புரை வழங்கச் சொன்னார்கள். வாழ்த்த வந்தவள் வாழ்த்திவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பொருளியலின் மேல் ஐயம் கொண்டு, அந்த ஐயத்தோடே பொருளியல் படிக்க வந்தவள் நான். ஐயம் எங்கே பிறந்தது, எதில் வளர்ந்தது, இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்வதுதான் நான் தரக்கூடிய நேர்மையான வரவேற்பு.

இளங்கலைப் பொருளியல் முடித்ததும் ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. போக்குவரத்துப் பிரிவு. தொழிலாளர்களை ஏற்றிவரும் பேருந்துகள் எந்த வழியில் வரவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்று திட்டமிடுவது என் பணி. பன்னிரண்டு ஆண்டுகள் செய்தேன். நன்றாகவே செய்தேன்.

ஏழாம் எண் பேருந்து மாடம்பாக்கத்தில் புறப்படும். கேம்ப் ரோடு வந்து, தாம்பரம், முடிச்சூர், படப்பை வழியாக ஒரகடம் சேரும். நாற்பத்திரண்டு இருக்கைகள். மாடம்பாக்கத்தில் ஏறுபவர்களோ ஒன்பதே ஒன்பது பெண்கள். ஒன்பது பேருக்காக ஒரு பேருந்து உள்ளே போய்ச் சுற்றி வரவேண்டுமா? நான் அட்டவணை போட்டேன். படம் போட்டேன். பேருந்து கேம்ப் ரோட்டிலிருந்தே புறப்படலாம் என்று பரிந்துரை எழுதினேன். அந்த ஒன்பது பேர்? அவர்களுக்கும் ஒரு வரி எழுதினேன்: 'சம்பந்தப்பட்ட தொழிலாளர்கள் மாற்று ஏற்பாடு செய்துகொள்வார்கள்.'

எத்தனை எளிய வரி! எத்தனை இதமான வரி! எவரும் எதிர்க்கேள்வி கேட்காத வரி! மேலாளர் வில்பிரட் சார் படித்தார், "ரொம்ப க்ளீனா இருக்கு ஜெரூஷா" என்றார், கையெழுத்திட்டார். அடுத்த திங்கட்கிழமை பேருந்து மாடம்பாக்கத்துக்குள் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். பெயர் ரமா. தரச் சோதனைப் பிரிவில் ஏழு ஆண்டு அனுபவம். வேலையிலிருந்து விலகும் கடிதம் கையில் இருந்தது.

"பஸ் ரூட்ட மாத்தி எழுதுனது நீங்கதானா மேடம்?" என்றார்.

"ஆமா."

"இன்னா படிச்சிருக்கீங்க?"

"பி.ஏ. எகனாமிக்ஸ்."

"அதுல மாடம்பாக்கத்துலேர்ந்து கேம்ப் ரோடு எவ்ளோ தூரம்னு போட்டுக்கீதா?"

"மூணு கிலோமீட்டர். அதெல்லாம் பார்த்துதான்..."

"வெடிகாலைல நாலு மணிக்கு எவ்ளோ தூரம்னு போட்டுக்கீதா?"

 அவர் பதிலுக்காக நிற்கவில்லை. கடிதத்தை மேசையில் வைத்தார், கைப்பையைத் தோளில் மாட்டினார், போய்விட்டார். குரலை உயர்த்தவில்லை என்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. திட்டியிருந்தால் அவரை மறந்திருப்பேன்.

விசாரித்தேன். ஒன்பது பேரில் ஆறு பேர் வேலையில் இல்லை. நான் கற்ற பாடம் பிழையா, அல்லது நான் பாடத்தைப் பிழையாகக் கற்றேனா? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. கேள்வியை எங்கே கேட்பது? பொருளியலின் வாசலிலேயே போய்க் கேட்போம் என்று வேலையை விட்டேன். என் அம்மா தபீதாள் ஓய்வுபெற்ற ஆசிரியை. "முப்பத்தி மூணு வயசுல திரும்பவும் டிபன் பாக்ஸ் கட்டணுமாடி நான்?" என்றார். அதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்து தலையாட்டுகிறார். ஆமாம் அம்மா, இன்றைக்கும் நீங்கள்தான் கட்டினீர்கள். எலுமிச்சை சாதம்.

முதல் வாரம். நம் தலைவர் ஐயாவின் வகுப்பு. ஒரு தொழிலாளி, ஒரு பக்கம் ஊதியம், மறுபக்கம் ஓய்வு, இரண்டையும் எடைபோட்டு எத்தனை மணி நேரம் உழைப்பது என்று அவர் தேர்ந்தெடுக்கிறார். கரும்பலகையில் அழகான வளைகோடு. நான் கையை உயர்த்தினேன்.

"சார், அந்தத் தொழிலாளி வேலைக்கு எப்படிப் போறாங்க?"

ஐயா கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அது இந்த மாடல்ல இல்லம்மா. அடுத்த பக்கம் போலாமா?"

ஐயா சிரிக்கிறார். நினைவிருக்கிறது போலும்! வகுப்பும் அன்று சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இதற்காகவா வேலையை விட்டோம்? இருட்டு இல்லாத உலகத்தில், சாலை இல்லாத உலகத்தில், தெருநாய்கள் இல்லாத உலகத்தில் வாழும் தொழிலாளியைப் பற்றிப் படிக்கவா வந்தோம்? மறுநாளே அலுவலகத்துக்குப் போய், படிப்பிலிருந்து விலகும் விண்ணப்பத்தை வாங்கினேன். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். 'இந்தப் பாடம் மனிதர்களைப் பார்ப்பதில்லை' என்று எழுத நினைத்தேன். அதை எழுத எனக்கு என்ன அருகதை? பார்க்காதது பாடமா, நானா? ஒன்பது பேரில் ஒருவர் வீட்டுக்காவது நான் போயிருக்கிறேனா? விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினேன்.

முதல் பருவத்துக்கு ஒரு கள ஆய்வு செய்யவேண்டும். தோழர்களே, உங்களுக்கும் உண்டு, இப்போதே சொல்லிவைக்கிறேன். என் தலைப்பு அந்த ஒன்பது பேர். "ஒன்பது பேர் சாம்பிளா? ரொம்பச் சின்னதும்மா" என்று சொல்லிக்கொண்டே ஐயா கையெழுத்துப் போட்டார்.

மாடம்பாக்கத்தில் ரமாவின் வீட்டைக் கண்டுபிடித்தேன். கோயில் தெருவுக்குப் பின்னால் மாடிப்படிக்குக் கீழே ஒரு வீடு. வாசலிலேயே நிறுத்தினார். "பஸ்ஸு போனப்புறம் இன்னா ஆராய்ச்சி?" என்றார். நியாயமான கேள்வி. "அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியலக்கா. தெரிஞ்சுக்க வந்திருக்கேன்" என்றேன். மேடம் என்று அழைத்தவரை நான் அக்கா என்று அழைத்தது அவருக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். உள்ளே கூப்பிட்டார். மற்ற எட்டுப் பேரின் கைப்பேசி எண்களையும் அவரே தந்தார்.

நான்கு வாரம் அலைந்தேன். ஒன்பது பேரையும் பார்த்தேன். மூன்று பேர் வேலையைத் தொடர்ந்தார்கள். அவர்களைக் கணவரோ அண்ணனோ வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். விலகிய ஆறு பேரில் ஒவ்வொருவருக்கும் பதிலாக எடுக்கப்பட்ட புதியவருக்குத் தொழிற்சாலை மூன்று வாரம் பயிற்சி தந்திருந்தது. இருக்கைகளை எண்ணிய என் அட்டவணையில் இதற்கு ஓர் இடமே இல்லை.

இப்போது கவனியுங்கள், நான் தடுமாறிய இடத்துக்கு வருகிறேன். விலகிய ஆறு பேரில் அபிகாயில் என்றொரு பெண். அவர் விலகியது திருமணமாகித் திருவள்ளூர் போனதால். பேருந்து இருந்திருந்தாலும் போயிருப்பார். இன்னொருவர் படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரைப் பார்த்துக்கொள்ள நின்றவர். ஆக, பேருந்தால் வேலையிழந்தவர்கள் நால்வர். ஆறு அல்ல, நான்கு.

ஆறு என்றே எழுதினேன். ஆம், மறைக்கவில்லை, இந்த மேடையில் சொல்கிறேன். முதல் வரைவில் ஆறு என்றுதான் எழுதினேன். நல்ல காரியத்துக்குத்தானே? பாதிக்கப்பட்டவர்கள் பக்கம்தானே? யார் சரிபார்க்கப் போகிறார்கள்? ஒரு சனிக்கிழமை மதியம் நூலகத்தில் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று முதலாளிக்குப் பிடித்த கணக்கை எழுதினேன். இன்று எனக்குப் பிடித்த கணக்கை எழுதியிருக்கிறேன். இரண்டிலும் அந்தப் பெண்கள் எங்கே? அடித்தேன். நான்கு என்று எழுதினேன். என் வழக்கு மெலிந்துபோனது போல் இருந்தது.

அறிக்கையை எடுத்துக்கொண்டு ஒரகடம் போய் வில்பிரட் சாரைப் பார்த்தேன். பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"நாலுன்னு போட்டிருக்கீங்களே?"

"நாலுதான் சார்."

"அபிகாயிலையும் சேர்த்து எழுதியிருப்பீங்கன்னு நெனச்சேன். அந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு நானே போயிருந்தேன்." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அவ பேர் இருந்திருந்தா மீதிய நான் படிச்சிருக்கவே மாட்டேன். வெச்சுட்டுப் போங்க."

மூன்று வாரத்தில் மாடம்பாக்கத்துக்கு ஒரு வேன் விட்டார்கள். காலைப் பணிமுறைக்கு மட்டும். கைதட்டாதீர்கள், கதை முடியவில்லை. நால்வரில் மூவர் வேலைக்குத் திரும்பினார்கள். ரமா திரும்பவில்லை. அதற்குள் வேளச்சேரி சாலையில் ஒரு துணிக்கடையில் சேர்ந்திருந்தார். "மறுபடி எப்ப நிறுத்துவாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். சம்பளம் குறைவு, வேலை கூடுதல். ஆனாலும் அவர் முடிவு அது. அதை மாற்ற என் அறிக்கையால் ஆகவில்லை.

ஐயம் தீர்ந்துவிட்டதா என்று கேட்பீர்கள். தீரவில்லை. வளைகோடுகளில் சாலை இன்னும் வரையப்படவில்லை. வீட்டில் ஒருத்தி பார்க்கும் வேலை நாட்டின் கணக்கில் இன்னும் ஏறவில்லை. ஆனால் என் பரிந்துரை செய்த தவறைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது இதே பாடம்தான். என் இரக்கம் செய்யவிருந்த தவறைத் தடுத்ததும் இதே பாடம்தான். ஆகவே தோழர்களே, ஐயத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வராதீர்கள்! ஐயத்தோடு வாருங்கள், ஐயத்தோடு அமருங்கள், ஐயத்தோடு கையை உயர்த்துங்கள்! முதலில் புத்தகத்தின் மேல் ஐயப்படுங்கள். அதே துணிவோடு உங்கள் மேலும் ஐயப்படுங்கள்! 'மாற்று ஏற்பாடு செய்துகொள்வார்கள்' என்று எழுத நேரும்போதெல்லாம், யார், எப்போது, எப்படி என்று போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்!

ஒன்றே ஒன்று சொல்லி அமர்கிறேன். அறிக்கையின் ஒரு படியை ரமா அக்காவுக்குக் கொடுத்தேன். கடையில் கூட்டமில்லாத நேரம். நின்றபடியே முழுவதையும் படித்தார். ஒரு தலைப்பின் மேல் விரலை வைத்தார். 'வேலையை விட்டவர்கள்' என்று நான் எழுதியிருந்தேன்.

"இது தப்புங்க" என்றார். "நாங்க எங்க விட்டோம்? பஸ்ஸுதான் எங்கள வுட்டுட்டுப் போச்சு."

பேனாவை அவரிடமே கொடுத்தேன். அவர் அடித்துத் திருத்திய அந்தப் படியைத்தான் துறையில் சமர்ப்பித்தேன். அவர் கையெழுத்தோடு இன்றும் நம் துறை நூலகத்தில் இருக்கிறது. போய்ப் படியுங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், தாய்மார்க்கும், பேச இடமளித்த தலைவர் ஐயாவுக்கும் நன்றி. புதியவர்களே, உங்கள் வரவு இந்தத் துறைக்கு நல்வரவாகட்டும். வணக்கம்.