முந்திரிக்கன்னுக்குப் போட்ட நங்கூரம்

ஏரியைக் கடக்கும் படகில் எனக்கு முன்னால் நண்டுக் கூடையோடு இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒல்லாந்தர் கோட்டை கண்ணைவிட்டு மறையும்வரை பேசாமல் வந்த இளையவள், "எங்க ஊட்டுக்காரரு நங்கூரத்தைக் கொண்டுபோய் முந்திரிக்கன்னுக்குப் போட்டுட்டாருக்கா" என்றாள்.

"நங்கூரத்தையா? இன்னாத்துக்கு?"

"கோட்டைக்காரங்க குடுத்த கன்னு. கிளிஞ்சல் மண்ணுல வெச்சதும் கொழுந்தெல்லாம் வெளுத்துப் போச்சு. பட்டுப்போனா எங்களைத்தான கேப்பாங்க? துருப்புடிச்ச இரும்பை வேர்ல பொதைச்சா பச்சை புடிக்கும்னு எங்க மாமியார் சொல்லிச்சு. எங்க ஊட்ல வேற இரும்பு ஏது?"

"அப்ப படகுக்கு?"

"கல்லைக் கட்டிப் போட்டாரு."

"கன்னு பொழச்சிதா?"

"பொழச்சி ஆளுயரம் நிக்குது. கோட்டைலேர்ந்து வந்து பாத்தவங்க, வளத்தா இவரை மாதிரி வளக்கணும்னு குப்பம் பூரா சொல்லிட்டுப் போனாங்க."

"அப்புறம் இன்னா? நங்கூரத்தைத் தோண்டி எடுத்துட வேண்டியதுதான."

இளையவள் கூடையை மடிப்பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எடுத்து எதுல கட்டறது? படகுதான் வாடைக்காத்துல போயிடுச்சேக்கா."