பூமிகாவுக்கு விழுந்த ஒத்த ஓட்டு

நாகம்மாள்: இந்தச் சட்டையப் போட்டுக்கிட்டா போகப் போறீங்க? காலர்ல மீன் செதிள் ஒட்டிக்கிட்டு இருக்கு. கழட்டுங்க, வேற எடுத்துத் தர்றேன்.

பஞ்சநாதன்: மீன்காரன் சட்டையில செதிள் இல்லாம சந்தனமா இருக்கும்?

நாகம்மாள்: ஊருக்கே தலைவரு, நாட்டார் சட்டையில இருக்கக் கூடாது. அதும் இன்னிக்கு. மாரியம்மன் கோயில்ல ஊரே கூடி உக்காந்திருக்கப் போவுது, நடுவுல நீங்க...

பஞ்சநாதன்: கூடட்டும். அஞ்சு மணிக்குத்தானே. பொழுது கெடக்கு.

நாகம்மாள்: ஒரு வாயாச்சும் சாப்பிட்டுட்டுப் போங்க. காலையில குடுத்த டீ ஆடை கட்டிக் கெடந்துச்சு.

பஞ்சநாதன்: பசிக்கல.

நாகம்மாள்: உங்களுக்கு எப்பத்தான் பசிச்சுது? அரசப்பன் வார்டு மெம்பரா ஜெயிச்ச அன்னிக்கு வெடியென்ன, பிரியாணியென்ன, ஊரே தின்னுச்சு. அன்னிக்கும் இதே பேச்சு.

பஞ்சநாதன்: அன்னிக்கு... வயிறு சரியில்ல.

நாகம்மாள்: அவனுக்குக் கழுத்து தெரியாம மாலை! அவன் பொண்டாட்டி என்கிட்ட வந்து, "அக்கா, உங்க மருமவளுக்கு அவ போட்டுக்கிட்ட ஒத்த ஓட்டு, மத்ததெல்லாம் எங்களுக்கு"ன்னு சிரிச்சா. நானும் கூடச் சேந்து சிரிச்சேன்... வேற என்ன பண்ணச் சொல்றீங்க?

பஞ்சநாதன்: சிரிப்போட போயிருந்தா தேவலாம்.

நாகம்மாள்: போக விட்டாளா அந்த மீன்காரி அம்சம்? மீன் ஏலம் போடுற எடத்துல பூமிகா ஐஸ் பொட்டியத் தூக்கிக் குடுத்திருக்கா. அம்சம் அவ விரலப் பாத்திருக்கா. மையே இல்ல. "ஏண்டி, நீ ஓட்டே போடலியா"ன்னு கேட்டதும், அவளும் வெள்ளந்தியாச் சொல்லிட்டா. "பாப்பாவுக்குச் சொரம், நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன், பஸ்ஸு வந்து சேர்றதுக்குள்ள பூத்த மூடிட்டாங்க"ன்னு. அவ்ளோதான்... கரையெல்லாம் அதே பேச்சு.

பஞ்சநாதன்: ம்.

நாகம்மாள்: என்ன ம்? அப்ப அந்த ஓட்டு அவளுது இல்லேல்ல? கோயில்ல சத்தியம் பண்ண கையி ஒன்னுதானே அதப் போட்டிருக்கு?

பஞ்சநாதன்: எனக்கே சொல்றியா? சூடத் தட்டப் புடிச்சிக்கிட்டு நின்னவனே நான்தான்.

நாகம்மாள்: அதனாலதான் சொல்றேன். எரியிற சூடத்த உள்ளங்கையால அணைச்சு, "அரசப்பனுக்குத்தான் போடுவோம்"னு இவளத் தவிர ஊர்ல ஒருத்தர் விடாம சத்தியம் பண்ணுச்சு. எந்த எலெக்ஷனா இருந்தாலும் ஊரு ஒரு ஆளச் சொல்லும், அவன் ஜெயிப்பான். எதுத்து யாராச்சும் மனுப் போட்டதுண்டா? இவ போட்டா. நாட்டார் வீட்டு மருமவ!

பஞ்சநாதன்: ஓட்டு பிரிஞ்சா ஊரு பிரியும்னு அந்தக் காலத்துல வச்சாங்க. நடுக்கடல்ல இஞ்சின் நின்னு போனா, எவன் எந்தக் கட்சின்னு பாத்துக்கிட்டா கயிறு போடுறது? அதுல நியாயம் இருக்கு நாகம்மா. நான் அத நம்பித்தான் தட்டப் புடிச்சேன்.

நாகம்மாள்: நல்லா இருக்கு... அவளுக்கு நியாயம் தெரியலியே. வீடு வீடா நின்னு என்னா பேச்சு பேசுனா! "கடல்ல காணாமப் போனவங்க பொண்டாட்டிங்க நாலு பேரு இருக்கோம். ஒடம்பு கெடைக்கலன்னு சர்டிபிகேட் தர மாட்டேங்குறாங்க, பென்சன் இல்ல, நான் மெம்பரானா ஆபீஸ் ஆபீஸா ஏறி வாங்கித் தர்றேன்"னு. என்ன சர்டிபிகேட்டு? எறப்புச் சர்டிபிகேட்டு! எம் புள்ள செத்துட்டான்னு சொல்லி ஓட்டுக் கேட்டாளே!

பஞ்சநாதன்: மெதுவாப் பேசு. தெருவுக்குக் கேக்குது.

நாகம்மாள்: கேக்கட்டும். மதியழகன் சாவல. கடலுக்கு அக்கரையில ஏதோ ஆஸ்பத்திரியில, பேரு ஊரு மறந்து போயி ஒருத்தன் இருக்கான்னு மீன் யாவாரி சேக் தாவூது பாய் சொல்லலியா?

பஞ்சநாதன்: அவரும் கேள்விப்பட்டதத்தான் சொன்னாரு.

நாகம்மாள்: அது போதும் எனக்கு.

பஞ்சநாதன்: அது ஆச்சு மூணு வருஷம்...

நாகம்மாள்: ஆகட்டும். அவன்கூடப் போன மத்த மூணு பேரு பொண்டாட்டிங்க இருக்காங்களே, அவங்களே இவளுக்குப் போடல. சத்தியத்துக்குப் பயந்து வாய மூடிக்கிட்டு அரசப்பனுக்குக் குத்திட்டு வந்தாங்க. அப்பறம் எவ போட்டா, எவன் போட்டான்?

பஞ்சநாதன்: அதுக்குத்தானே கூட்டம்.

நாகம்மாள்: என்ன பண்ணப் போறீங்க இன்னிக்கு?

பஞ்சநாதன்: மறுபடி சூடம். ஒவ்வொருத்தரா வந்து, "அந்த ஓட்டு என்னுது இல்ல"ன்னு அணைக்கணும்.

நாகம்மாள்: என்னுதுதான்னு ஒத்துக்கிட்டா?

பஞ்சநாதன்: தள்ளி வைக்கிறதுதான். கடலுக்குப் போற எந்தப் போட்டுலயும் ஏத்த மாட்டாங்க. அவன் மீன ஏலத்துல எடுக்க மாட்டாங்க. நல்லது கெட்டது கெடையாது.

நாகம்மாள்: வைரக்கண்ணுவத் தள்ளி வச்சீங்களே, அவன் ஆத்தா செத்தப்ப பாடை தூக்க ஆளில்லாம வேதாரண்யத்துலேந்து வேன் புடிச்சு ஆளு கூட்டியாந்தான். இங்கேந்துதான் பாத்தேன். நம்மாளு ஒருத்தன் எட்டி வைக்கல.

பஞ்சநாதன்: ...நானும் பாத்தேன்.

நாகம்மாள்: ஒத்துக்காம பொய்யா அணைச்சிட்டா?

பஞ்சநாதன்: அம்மனுக்கு முன்னால பொய் சொல்லிட்டு, மறுநா விடியக்காலம் எவன் கடல்ல எறங்குவான்?

நாகம்மாள்: அப்பன்னா... நான் ஒத்துக்கிறேன்.

பஞ்சநாதன்: எத?

நாகம்மாள்: அந்த ஓட்டத்தான். நான்தான் போட்டேன்.

பஞ்சநாதன்: நீயா? இவ்வளவு நேரம் அவளத் திட்டித் தீத்தியே!

நாகம்மாள்: திட்டுனா? மருமவ இல்லேன்னு ஆயிடுமா? ஏதோ ஒரு புத்தியில குத்திட்டேன்.

பஞ்சநாதன்: அவ சின்னம் என்ன?

நாகம்மாள்: என்னது?

பஞ்சநாதன்: பூமிகாவோட சின்னம். எதுல குத்துன?

நாகம்மாள்: அது வந்து... சீப்பு.

பஞ்சநாதன்: சீப்பு அரசப்பனுது.

நாகம்மாள்: எதுவா இருந்தா என்ன? நான்தான்னு சொல்றேன்ல.

பஞ்சநாதன்: யாருக்காக நாகம்மா?

நாகம்மாள்: வேற யாருக்கு? நம்ம சின்னவன் ராஜசேகருக்குத்தான். அண்ணின்னா உசிர விடுவான் அவன். பாப்பாவுக்கு பிஸ்கட் வாங்கிக்கிட்டு அவ இருக்குற சுனாமி வீட்டுப் பக்கமாச் சுத்திச் சுத்திப் போறானே, எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறான். அவன்தான் போட்டிருப்பான். தட்டுக்கு முன்னால வந்து நின்னா அவனுக்குப் பொய்யும் வராது. தள்ளி வச்சிட்டா எந்தப் போட்டுல ஏறுவான் அவன்? எனக்கு என்ன... வீட்டுக்குள்ளயே கெடந்துட்டுப் போறேன். ஒரு புள்ளயக் கடலு வச்சிக்கிச்சு, இன்னொன்ன ஊரு எடுத்துக்க வேணாம்ங்க.

பஞ்சநாதன்: என்ன சொன்ன?

நாகம்மாள்: என்ன சொன்னேன்?

பஞ்சநாதன்: கடலு வச்சிக்கிச்சுன்னு.

நாகம்மாள்: வாய் தவறி வந்துருச்சு. சும்மாக் கிண்டாதீங்க.

பஞ்சநாதன்: ...ராஜசேகர் போடல.

நாகம்மாள்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

பஞ்சநாதன்: போடலன்னா போடல. விடு.

நாகம்மாள்: விடுன்னா எப்படி விடுறது? பெத்தவளுக்கு...

பூமிகா: மாமா...

நாகம்மாள்: யாரு? ஏய், நீ ஏண்டி இங்க வந்த? எவளாச்சும் பாத்தா...

பூமிகா: பாக்கட்டும் அத்தை. உள்ள வரல, வாசல்லயே நிக்கிறேன். மாமாகிட்ட ஒன்னு காட்டணும்.

பஞ்சநாதன்: உள்ள வாம்மா. பாப்பா எப்படி இருக்கு?

பூமிகா: சொரம் விட்டிருச்சு மாமா. இட்லி கேக்குது... இதப் பாருங்க.

நாகம்மாள்: கையக் காட்டு... ஐயோ, என்னடி இது? மையா? விரலு வெந்து போயில்ல இருக்கு!

பூமிகா: சேங்கொட்டை அத்தை. துணிக்குக் குறி போடுவாங்களே, அது. மை மாதிரியே நிக்கும்னாங்க. கொஞ்சம் காந்துது.

நாகம்மாள்: கொஞ்சமா? கொப்புளம் கட்டியிருக்கு! உனக்குப் புத்தி கித்தி பெசகிருச்சா?

பூமிகா: கூட்டத்துல கையக் காட்டுறேன் மாமா. "நான் ஓட்டுப் போட்டேன், அம்சக்கா சரியாப் பாக்கல, கோவத்துல போடலன்னு சொல்லிட்டேன்"ங்குறேன். அந்த ஓட்டு என்னுதுன்னு ஆயிரும். யாரும் சூடம் அணைக்க வேண்டியதில்ல.

பஞ்சநாதன்: அம்மன் முன்னாடி பொய் சொல்லுவியா?

பூமிகா: ஊரு சத்தியம் பண்ணப்ப என்னைய யாரும் கூப்புடலியே மாமா. எனக்கு என்ன கட்டுப்பாடு?

நாகம்மாள்: ராஜசேகரக் காப்பாத்தத்தானே இதெல்லாம்? சொல்லு.

பூமிகா: தம்பி போடல அத்தை. எலெக்ஷனுக்கு மறுநாளே வந்து அழுதுட்டுப் போச்சு. "சத்தியம் பண்ணிட்டேன் அண்ணி, பயமா இருந்துச்சு, மன்னிச்சிருங்க"ன்னு. நான்தான் தண்ணி குடுத்து அனுப்புனேன்.

நாகம்மாள்: அப்ப யாருடி?

பூமிகா: தெரியாது. தெரிஞ்சிக்கவும் வேணாம். ஓட்டு எண்ணுற எடத்துல என் பேரப் படிச்சு "ஒன்னு"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. நான் போடலன்னு எனக்குத் தெரியும்ல? இந்த ஊர்ல ஒருத்தருக்கு... நான் கேக்குறது சரின்னு பட்டிருக்கு. சத்தியத்த மீறிப் போட்டிருக்காங்க. அவங்கள நான் தள்ளி வைக்க விடுவேனா?

நாகம்மாள்: சரியாம்ல! எம் புள்ள செத்துட்டான்னு சொல்றது சரியாம்!

பூமிகா: எனக்கு மட்டும் ஆசையா அத்தை? ஒடம்பு வராம தாலியக் கழட்டக் கூடாதுன்னு ஊரு சொல்லிருச்சு. சரின்னு கட்டிக்கிட்டு இருக்கேன். பாப்பா, "அப்பா எப்பம்மா வரும்"னு கேக்குது. வரும்னு சொல்றதா, வராதுன்னு சொல்றதா? அவரு போனதுலேந்து நான் வாய் விட்டு அழுததே இல்ல அத்தை. அன்னிக்கு அழப் போனப்ப நீங்கதான் என் வாயப் பொத்துனீங்க. அழுதா அவரு செத்தது நெசமாயிடும்னு சொன்னீங்க.

நாகம்மாள்: ஆமா... பொத்துனேன்.

பூமிகா: உங்கள நான் ஒன்னும் சொல்லல. மாமா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். என் விரலப் பாத்து, "ஆமா, மைதான்"னு நாட்டார் சொன்னா ஊரு அடங்கிரும்.

நாகம்மாள்: சொல்லிருங்க. இந்த ஒரு விஷயத்துல இவ சொல்றது சரிதான். யாரும் கெட வேணாம். மைதான்னு சொல்லிட்டு கூட்டத்தக் கலைச்சிட்டு வாங்க... என்னங்க? கேக்குதா?

பஞ்சநாதன்: பூமிகா... ஓட்டுக் கேட்டு நீ இந்த வீட்டுக்கும் வந்தேல்ல?

பூமிகா: வந்தேன் மாமா. கதவு சாத்தியிருந்துச்சு.

பஞ்சநாதன்: உள்ளதான் இருந்தேன். எத்தனையோ எலெக்ஷன் பாத்துட்டேன். வர்றவன் எல்லாம், "ஊரு ஓட்ட வாங்கிக் குடுங்க நாட்டாரே"ன்னுதான் வருவான். என் ஓட்ட ஒருத்தனும் கேட்டதில்ல. நீதான் சாத்துன கதவுக்கு அந்தாண்ட நின்னு, "மாமா, ஊரு ஓட்டு வேணாம், உங்களுது மட்டும் போடுங்க"ன்னு கேட்ட.

பூமிகா: மாமா...

நாகம்மாள்: இருங்க, இருங்க. என்ன சொல்ல வர்றீங்க?

பஞ்சநாதன்: அந்தப் புள்ள கைக்கு முதல்ல தேங்கா எண்ணெயத் தடவு. வெந்து கெடக்கு.

நாகம்மாள்: பேச்ச மாத்தாதீங்க! தட்டப் புடிச்சது நீங்க. ஊரையே சத்தியம் பண்ண வச்சது நீங்க. நீங்களே போயி அவளுக்குக் குத்துனீங்கன்னா... அப்ப மதியழகன்... சேக் தாவூது பாய் சொன்னது... நான் கேக்கும்போதெல்லாம் "வருவான், வருவான்"னு சொன்னீங்களே! சொல்லுங்க, யாரு போட்டா அந்த ஓட்ட?

பஞ்சநாதன்: நான்தான் போட்டேன். ஊருகிட்ட சொல்றதுக்கு எனக்குப் பயமில்ல, தள்ளி வச்சா வச்சிட்டுப் போறாங்க. உங்கிட்ட சொல்லத்தான் பயந்துக்கிட்டுக் கெடந்தேன்... நம்ம புள்ள வரமாட்டான், நாகம்மா.