கமிட்டியை மாநாட்டோடு சேர்த்த மனுஷன்

நெய்வேலி ஆர்ச் கேட்டில் சென்னை பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு தம்பதி. ஊருக்குக் கிளம்பியவர் கணவர். வழியனுப்ப வந்த அந்தம்மா, வறுத்த முந்திரி டப்பாவை அவர் பையில் திணித்துக்கொண்டிருந்தார்.

"சென்னை போய், அங்கேருந்து புனே ரயில் ஏறணும். வழியில சாப்பிடுங்க. கன்வேயர் பெல்ட்டுக்குத் தரம் நிர்ணயிக்கிற கமிட்டி எப்பவும் சென்னையிலதானே கூடும்? நானும் வந்து தங்கச்சியைப் பார்ப்பேன். அதைப் போய் புனே மாநாட்டோட சேர்த்த மகராசன் யாருங்க?"

"நான்தான்."

"நீங்களா!"

"நாங்க பத்து பேரு ரூமுக்குள்ள எத்தனை நாளைக்கு நாங்களே பேசிக்கினு இருக்கறது? பெல்ட் இன்ஜினியருங்க அத்தனை பேரும் அங்க வராங்க. அவங்களும் கேக்கட்டுமே."

"யார்கிட்ட கதை விடறீங்க?"

அவர் ரோட்டைப் பார்த்தார்.

"நம்ம பாப்பா வருஷா வருஷம் அந்த மாநாட்டுலதான் பேசுறா. கமிட்டின்னாதான் ஆபீஸ்ல அனுப்புவாங்க, மாநாட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. அவ பேசி நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல."

அந்தம்மா குரல் இறங்கிவிட்டது.

"அவகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா பதறுவா. கடைசி வரிசையில உக்காந்துக்கறேன்."

"கேள்வி கேக்கறேன்னு கையத் தூக்கிடாதீங்க."

"ஒண்ணே ஒண்ணு கேப்பேன்."

"என்னன்னு?"

"சாப்டியான்னு."

பஸ் வந்துவிட்டது. அவர் ஏறி உட்கார்ந்ததும் அந்தம்மா ஜன்னலைத் தட்டினார்.

"முந்திரியை வழியில தொட்டுடாதீங்க. அது அவளுக்கு!"